பூல் அடிக்கிற மாப்பிள்ளை: இதைத் தொழிலாக விளையாடுகிறவர்களின் குணம் எப்படி?

கொக்குவிலான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெடியன் சாவகச்சேரிப் பக்கம், கொழும்பில் மின்பொறியியலாளர். சாதகம் நன்றாகப் பொருந்துகிறது. சித்தப்பா ஊரில் நாலு இடத்தில் விசாரித்தார். குடி இல்லை, சிகரெட் இல்லை, தாய் தகப்பனைப் பார்க்கிறவர் என்று எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். கடைசியாக ஒரு கடைக்காரர், "பெடியன் பூல் அடிக்கிறவன், போட்டியளுக்குப் போறவன்" என்றிருக்கிறார். பூல் என்றால் மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிக்குள் விழுத்துகிற விளையாட்டு. அதோடு அம்மாவின் முகம் மாறிவிட்டது.

பெடியன் எதையும் ஒளிக்கவில்லை. முதல் தடவை தொலைபேசியில் கதைத்தபோதே தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் வேலையை விட்டு வெளிநாட்டுப் போட்டிகளில் முழுநேரமாக விளையாடிப் பார்க்க ஆசையாம், அதற்குக் காசும் சேர்த்து வைத்திருக்கிறாராம். தங்கச்சிக்கு அந்த வெளிப்படையான பேச்சுப் பிடித்திருக்கிறது. அம்மாவின் காதில் விழுந்ததோ ஒரே சொல்தான்: சூதாடி. அம்மாவின் மூத்த அண்ணன் காட்ஸ் விளையாடித் தோட்டக் காணியை விட்டவர். கோயிலுக்குப் போகும் வழியில் அந்தக் காணி வருகிறது. இன்றைக்கும் அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் கரம் விளையாடினவன், பூல் தெரியாது. இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்? பழகினவர்கள் சொல்லுங்கள்.

நெல்லியடி85

அண்ணை, நேராகச் சொல்கிறேன். வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னம் வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். வேலை முடிந்து நண்பர்களோடு ஓர் இடத்துக்குப் பூல் அடிக்கப் போவோம். ஒருநாள் அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கியூவை, அதுதான் பந்தடிக்கிற கோலை, தும்புத்தடி பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். சும்மா தட்டினாலே விழுகிற பந்துகளையும் விட்டார். ஆட்டத்துக்கு நூறு ரூபாய் வைப்போமா என்றார். நான் மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்றேன். பிறகு ஆயிரம் என்றார், அதன் பிறகு ஐயாயிரம்.

ஐயாயிரம் வைத்த ஆட்டத்தில்தான் அவருடைய இடது கையைக் கவனித்தேன். அதுவரை மேசையில் பரவிக் கிடந்த விரல்கள் ஒன்றாகக் கூடின. சுட்டுவிரல் வளைந்து கியூவைச் சுற்றி மோதிரம் போலப் பிடித்தது. கனகாலம் பழகின கைக்குத்தான் அப்படி வரும். எனக்கு முறையே வரவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த மாதச் சாப்பாட்டுக் காசு போனது. காசை எண்ணிப் பைக்குள் வைத்துவிட்டு, "தம்பிக்கு நல்ல கை இருக்கு, விட்டுடாதேங்கோ" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது, அண்ணை. தங்கச்சியைக் கொடுக்காதீர்கள்.

பனிநாட்டான் (ஸ்காபரோ)

நெல்லியடித் தம்பி, உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் உங்களிடம் காசு பிடித்தவரையும் போட்டிகளில் விளையாடுகிறவரையும் ஒன்றாகப் போடாதீர்கள். நான் 1991இல் இங்கே வந்தேன். பதினெட்டு வருடம் ஒரு பூல் கூடத்தில் இரவு வேலை. மேசைத் துணிக்குப் பிரஷ் போடுவது, பந்து துடைப்பது, கடைசியில் விளக்கை அணைப்பது. இரண்டு வகையினரையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

தெரியாதவன்போல நடித்துக் காசு பிடிக்கிறவனை இங்கே ஹஸ்ட்லர் என்பார்கள். தன் முகம் யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரைதான் அவனுக்குப் பிழைப்பு. போட்டிக்காரனுக்கோ முகம் தெரிந்தால்தான் பிழைப்பு. படம் சுவரொட்டியில் வந்த ஒருவர் யாரிடம் போய்த் தும்புத்தடி பிடிப்பது?

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்றால், விளையாட்டின் பெயரோடேயே வந்தது. பூல் என்றால் எல்லாரும் பந்தயக் காசைப் பொதுவில் போட்டு வைப்பது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பூல் ரூம் என்றால் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டுகிற இடம். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை சனத்துக்குப் பொழுது போகவேண்டும் என்று அங்கே பில்லியட்ஸ் மேசைகளைப் போட்டார்கள். குதிரைக்குக் காசு கட்டினவர்களின் பெயர் மேசையில் ஒட்டிக்கொண்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அது கழன்று விழவில்லை.

அந்தப் பெயரைக் கழுவ ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார், வில்லி மொஸ்கோனி. 1941 முதல் 1957 வரை பதினைந்து தடவை உலகப் பட்டம். 1954இல் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பந்தும் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் போட்டார். மேசைக்குக் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு வருவார். ஹஸ்ட்லர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பிடிக்காது. 1961இல் பூல் பந்தயக்காரர்களைப் பற்றி ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அந்தப் படத்துக்கு ஆட்ட நுணுக்கம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். படம் ஓடின பிறகு, அதில் வருகிற பருத்த ஆட்டக்காரன் நான்தான் என்று ருடொல்ஃப் வாண்டரோன் என்ற ஒருவர் கிளம்பி, அந்தப் பாத்திரத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். உலகப் பட்டம் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் பெரிது. சனத்துக்கு அவரைத்தான் தெரிந்தது. 1978இல் இருவரையும் தொலைக்காட்சியில் மோதவிட்டார்கள். மொஸ்கோனி வென்றார். ஆனாலும் பூல்காரன் என்றால் சனத்தின் மனதில் வருகிற முகம் மற்றவருடையதாகத்தான் இருந்தது. எனக்கு அதை நினைக்க இன்னும் மனம் கொதிக்கிறது.

வாசிகசாலை (நல்லூர்)

கொக்குவில் தம்பி, அம்மாவிடம் பூல் என்று சொல்லாமல் பில்லியட்ஸ் என்று சொல்லியிருந்தால் முகம் இப்படி மாறியிருக்காது.

1973இல் எம். ஜே. எம். லாபீர் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்தச் செய்தி வந்த பத்திரிகையை எங்கள் சனசமூக நிலையத்தில் ஆளுக்கு ஆள் பறித்துப் படித்தது ஞாபகம் இருக்கிறது. ஒருவரும் அவரைச் சூதாடி என்று சொல்லவில்லை. இங்கேயும் அதே பச்சைத் துணி, அதே கோல்தான். பில்லியட்ஸ் துரைமாரின் கிளப்புகளுக்குள்ளால் வந்தது, பூல் தெருவால் வந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

கரத்தையும் யோசித்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பலகையில் பவுடர் போட்டால் பத்து மணிவரை விளையாடுவோம். தோற்ற பக்கம் பிளேன்ரீயும் வடையும் வாங்கவேண்டும். அதுவும் பந்தயம்தானே! 2012இல் நிஷாந்த பெர்னாண்டோ கரத்தில் உலகப் பட்டம் எடுத்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம்.

கணக்கர் (மானிப்பாய்)

எல்லாரும் நல்ல பக்கத்தையே சொல்கிறீர்கள். பனிநாட்டான் அண்ணை, மொஸ்கோனியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரி வராது. இன்றைக்குப் பூல் உலகம் கையெடுத்துக் கும்பிடுகிற பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரெயஸ், 1985இல் அமெரிக்கா போனபோது என்ன செய்தார்? ஹூஸ்டனில் சேசர் மொறாலெஸ் என்ற வேறு பெயரில் விளையாடி வென்றார். அவர் யார் என்று எதிரில் நின்றவர்களுக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் வந்தவர் கையை மறைத்தார், இவர் பெயரை மறைத்தார். என்ன வித்தியாசம்?

பனிநாட்டான் (ஸ்காபரோ)

இந்தக் கேள்வியை நானும் கனநாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எஃப்ரன் ஏழைப் பிள்ளை. ஐந்து வயதில் மணிலாவில் மாமனின் பூல் கூடத்துக்கு வந்தவர். இரவில் கூடம் பூட்டின பிறகு மேசைமேல்தான் படுக்கை. உயரம் எட்டாமல் சோடாப் பெட்டிகளின்மேல் ஏறி நின்று பழகினார். 1985 அளவில் அவருடைய பெயர் அவருக்கு முன்னமே அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்தப் பெயரில் போயிருந்தால் ஒருவரும் காசு வைத்து விளையாட வந்திருக்கமாட்டார்கள்.

அது சரியான செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஹூஸ்டனில் அவர் வென்றது எல்லாரும் பார்த்திருந்த போட்டி. வேண்டுமென்று தோற்றுத் தூண்டில் போடவில்லை, முழுத் திறமையையும் காட்டித்தான் வென்றார். பிறகு சொந்தப் பெயரிலேயே வந்து 1994இல் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் (பூலில் ஒரு வகை ஆட்டம்) பட்டத்தை எடுத்தார். அமெரிக்கர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை. 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம். அவ்வளவு வென்றும் தலைக்கனம் என்று அவரைப் பற்றி ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

குணம் ஆளுக்கு ஆள் வேறு. ஏர்ள் ஸ்ட்ரிக்லண்டைப் பாருங்கள். அமெரிக்க ஓப்பனை ஐந்து தடவை வென்றவர். சரியான கோபக்காரர். பார்வையாளரோடு வாக்குவாதம், எதிராளியோடு வாக்குவாதம். ஷேன் வான் போனிங்கும் அதே ஓப்பனை ஐந்து தடவை வென்றவர்தான். பிறவியிலேயே காது கேட்பது குறைவு. ஆடும்போது காதிலுள்ள கருவியை நிறுத்திவிட்டு, சத்தமே இல்லாத உலகத்தில் நின்று விளையாடுவார். 2022இல் உலகப் பட்டமும் எடுத்தார். ஒருவர் எரிமலை, மற்றவர் கிணற்றுத் தண்ணீர். பூல்காரர்களின் குணம் என்று ஒன்றை எடுத்து இருவருக்கும் எப்படிப் பொருத்துவது?

நெல்லியடி85

சரி அண்ணை. அப்படியென்றால் 2023இல் சீனப் பெடியள் பத்துப் பேரைத் தடை செய்தார்களே, காசுக்காக ஆட்டத்தை விற்றதற்கு?

பனிநாட்டான் (ஸ்காபரோ)

அது ஸ்னூக்கர் தம்பி. ஆனாலும் கேட்டது நியாயம், ஒரே குடும்பத்து விளையாட்டு. லியாங் வென்போ, லீ ஹாங் இருவருக்கும் ஆயுள் தடை. ஷாவ் ஷின்தொங் என்ற இளைஞருக்கு இருபது மாதம். அவர் தண்டனையை முடித்துத் திரும்பி வந்து 2025இல் உலகப் பட்டத்தையே வென்றார்.

ஒன்று கவனியுங்கள். ஸ்னூக்கரில் விசாரணை வைத்துப் பெயர் பெயராக அறிவித்தார்கள். பூலில் காசுப் பிரச்சினை வந்தபோது பெரும்பாலும் ஆட்டக்காரர்தான் ஏமாந்தார். 1996இல் டலஸில் ஸ்ட்ரிக்லண்ட் எதிராளிக்கு முறையே கொடுக்காமல் தொடர்ந்து பதினொரு ரக் (ஓர் ஆட்டத்துக்கு அடுக்குகிற பந்துகள்) உடைத்து முடித்தார். பத்து ரக்குக்குப் பத்து லட்சம் டொலர் என்று பரிசு அறிவித்திருந்தார்கள். காசைப் பொறுப்பெடுத்த காப்புறுதிக்காரர் உடனே கொடுக்கவில்லை, விஷயம் வழக்குவரை போனது. 2006இல் ரீனோவில் எஃப்ரன் எட்டுப் பந்துப் போட்டியில் வென்றதற்கு 5 லட்சம் டொலர். அந்தக் காலத்தில் பூலில் கேள்விப்படாத பரிசு. போட்டி முடிந்த பிறகு, ஒரேயடியாகத் தர முடியாது, தவணையாகத் தருகிறோம் என்றார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சுற்றே படுத்துவிட்டது.

பரிசை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாத தொழிலில், காசுள்ள ஒருவர் பின்னால் நின்று பந்தயம் கட்ட, ஆட்டக்காரர் அவருக்காக விளையாடி வென்றதில் பங்கு எடுக்கிற பழக்கம் வளர்ந்தது. ஊர் அதைப் பார்த்துவிட்டு இவர்கள் சூதாடிகள் என்று தீர்த்துவிட்டது. நான் பார்த்த பலர் வேறு வழி தெரியாமல் அதற்குள் போனவர்கள். எங்கள் வெண்காய விவசாயி அறுவடைக்கு முன்னம் கைநீட்டிக் கடன் வாங்குகிறார். அவரை யாராவது சூதாடி என்று சொல்வோமா?

சுன்னாகத்தாள்

அண்ணாமாரே, ஒரு பெண்ணின் குரலும் இருக்கட்டும்.

அலிசன் ஃபிஷர் ஸ்னூக்கரில் பெண்களுக்கான உலகப் பட்டங்களைக் குவித்துவிட்டு 1995இல் அமெரிக்கா போய்ப் பூலுக்கு மாறி, அங்கேயும் முதலிடம் பிடித்தவர். ஜனெட் லீ முதுகெலும்பு வளைந்த நோயோடு, கணக்கில்லாத சத்திரசிகிச்சைகளுக்கு நடுவில் விளையாடினவர். குனிந்து நின்று ஆடுகிற விளையாட்டில் அந்த முதுகோடு அவர் நின்றதை யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்டவர்களைத் தெரிந்துகொள்ளாமல் பூல் என்றால் ரவுடிகளின் இடம் என்று ஒதுக்கினால் நட்டம் எங்களுக்குத்தான்.

நானும் தோழியும் ரவுணில் ஓர் இடத்தில் விளையாடுகிறோம். முதல் நாள் உள்ளே போனபோது நாலு மேசையும் நின்றுவிட்டது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு சின்னப் பெடியன் மட்டும் சோக்கைக் கொண்டுவந்து நீட்டி, "அக்கா, இதைப் பூசாட்டி வழுக்கும்" என்றான். இப்போது யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

கொக்குவில் அண்ணா, அம்மாவின் பயத்தைச் சொன்னீர்கள், பெடியனின் ஆசையைச் சொன்னீர்கள். தங்கச்சி என்ன கேட்கிறார்? இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் என்ன திட்டம், விமானச் சீட்டும் தங்குமிடமும் யார் காசில், ஒன்றும் வெல்லாவிட்டால் பிறகு என்ன? பின்னால் காசு கட்டுகிற ஆள் யாராவது இருக்கிறாரா? குணத்தை விசாரிக்கிற அதே நேரம் இதையும் கேளுங்கள். பெடியன் கோபிக்கமாட்டார்.

கொக்குவிலான்

தங்கச்சி இதே கேள்விகளைத்தான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், அக்கா. எல்லாருக்கும் நன்றி. வருகிற சனிக்கிழமை ரவுணில் பெடியள் சேர்ந்து ஒரு சின்னப் போட்டி வைக்கிறார்கள், அவரும் ஊருக்கு வந்து விளையாடுகிறாராம். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கப்போகிறேன். விளையாட்டே தெரியாத நான் எதைப் பார்க்கவேண்டும்?

பனிநாட்டான் (ஸ்காபரோ)

பந்து விழுகிறதைப் பார்க்காதீர்கள். அடுக்குகிறதைப் பாருங்கள்.

ஒன்பது பந்து ஆட்டத்தில் பந்துகளை வைர வடிவில் அடுக்குவார்கள். ஒன்று முன்னால், ஒன்பது நடுவில். சின்னப் போட்டிகளில் தோற்றவர் அடுக்குவார், வென்றவர் முதல் அடி அடித்து அந்த அடுக்கை உடைப்பார். அதாவது உங்கள் எதிராளிக்காக நீங்கள் அடுக்கவேண்டும். முதற் பந்துக்குப் பின்னால் கடதாசி போகிற அளவு இடைவெளி விட்டால் போதும், எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்துகள் சோர்ந்து சிதறும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கை நழுவியது என்று சொல்லிவிடலாம். இதில் வருகிற சண்டையைத் தடுக்கத்தான் பல போட்டிகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் அடுக்குகிறார்கள். பெரிய போட்டிகளில் நடுவரே அடுக்குவதும் உண்டு.

பதினெட்டு வருடம் இரவில் நின்று நான் ஆட்களை எடைபோட்டது அதை வைத்துத்தான். அந்தத் தாள் இல்லாத மேசையாக இருந்தால் இன்னும் நல்லது.

கொக்குவிலான்

போய் வந்தோம்.

மேசை பழையது. தாள் இல்லை, பந்து அடுக்குகிற மரச் சட்டம்தான். ஏழு ஆட்டம் முதலில் வெல்பவருக்கு வெற்றி. அரையிறுதியில் அவருக்கு எதிரில் பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பெடியன். ஆறுக்கு ஆறு என்று நின்றது. கடைசிக்கு முந்தின ஆட்டத்தைப் பெடியன் வென்றதால் உடைப்பு பெடியனுக்கு, அடுக்குவது இவர்.

சட்டத்தை எடுத்தவுடன் முதற் பந்து மெல்லப் பின்வாங்கியது. அந்த இடத்தில் துணி தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. திரும்ப அடுக்கினார், திரும்பவும் விலகியது. பெடியனுக்கு அது தெரியவில்லை, கியூவில் சோக்குப் பூசிக்கொண்டு நின்றான். இவர் எல்லாப் பந்தையும் கலைத்து, இரண்டு பந்துகளை இடம் மாற்றி, பெருவிரல்களால் பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்து, சட்டத்தை மூச்சு விடாமல் தூக்கினார். நாலாவது தடவைதான் நின்றது. பிறகு குனிந்து இரண்டு பக்கத்தாலும் பார்த்துவிட்டு, "தம்பி, வந்து பாருங்கோ, இறுக்கமா இருக்கோ எண்டு" என்று கூப்பிட்டார்.

பெடியன் உடைத்தான். இரண்டு பந்து விழுந்தது. மிச்சத்தையும் அவனே முடித்துவிட்டான்.

தோற்றது இவருக்கு நன்றாகவே சுட்டது. கை கொடுத்தார், ஆனால் சிரிக்கவில்லை. கியூவைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது விரல் நடுங்கியதைப் பார்த்தேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் மதிலோடு தனியாக நின்றார். பிறகு உள்ளே வந்து இறுதி ஆட்டத்துக்குப் பெடியனின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

சித்தப்பா முழு நேரமும் வாய் திறக்கவில்லை. மோட்டார்சைக்கிளில் ஆரியகுளச் சந்தி தாண்டின பிறகு பின்னாலிருந்து சொன்னார்: "உவன் ஒருநாளும் வேலிக் கதியாலை அடுத்தவன்ரை காணிக்குள்ளை அரக்கிப் போடமாட்டான்."

அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் கொப்பிக் கேள்விகளுக்குப் பெடியன் பதில் எழுதி அனுப்பியிருக்கிறார். பின்னால் காசு கட்ட ஆள் யாரும் இல்லை, சொந்தச் சேமிப்புத்தானாம். வங்கிக் கணக்கின் படத்தையும் வைத்திருக்கிறார். இரண்டாவது வருட விமானச் செலவுக்குப் போட்ட கணக்குக் குறைவு என்று தங்கச்சி திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது இருவரும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

சுன்னாகத்து அக்கா, ஓர் உதவி. தங்கச்சி ஒருதடவை மேசையில் நின்று பார்க்கவேண்டும் என்கிறாள். நீங்கள் போகிற நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போகமுடியுமா?

நெல்லியடி85

அண்ணை, நான் முதலில் எழுதினதை அழிக்கவில்லை, எனக்கு நடந்தது நடந்ததுதான். ஆனால் "கொடுக்காதீர்கள்" என்று எழுதினதைத் திருப்பி எடுக்கிறேன்.

சுன்னாகத்தாள்

தாராளமாக, அண்ணா. செவ்வாய் பின்னேரம் சனம் குறைவு. நாலு மணிக்கு வரச்சொல்லுங்கள், வாசலில் நிற்பேன். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரட்டும், குனியும்போது முன்னால் விழும்.